உங்க ஏரியாதானே?

ஒரு செய்தித் தொலைக்காட்சியின் டெஸ்க்கில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அந்த ஏழு வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "ஏம்மா, உங்க ஏரியாதானே?" என்பது. ஆவடியில் ரயில் மறியல் என்றால் கேட்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி தீப்பிடித்தால் கேட்பார்கள். பூந்தமல்லியில் லாரி கவிழ்ந்தாலும் கேட்பார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு எப்படிப் போவது, எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அண்ணா நகரைத் தாண்டினால் எல்லாம் ஒரே ஏரியா.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு போன் வந்தது. ஆவடிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து நிருபர் வேறு வேலையாகத் தாம்பரம் போயிருந்தார். அசைன்மென்ட்டில் இருந்தவர் சொன்னார்: "உங்க ஏரியாதானே, வீட்டுக்காரங்ககிட்ட பேசி ஒரு பைட் மட்டும் வாங்கிக் குடுத்துடும்மா. வெளியாள் போனா பேச மாட்டாங்க." எனக்கு அன்று மதிய ஷிஃப்ட். இருந்தாலும் போனேன். இறந்தவர்களில் ஒருவருடைய மனைவி என்னைவிடச் சின்னப் பெண். என் அம்மா பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கேமராமேன் வந்த பிறகு பேசினாள். யார் வந்து கூப்பிட்டது, எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், கயிறு இருந்ததா, மாஸ்க் இருந்ததா, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

மதியம் டெஸ்க்குக்கு வந்தபோது தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது: 'விஷவாயு தாக்கி 2 பேர் பலி'. நான் அதை 'கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட 2 தொழிலாளர்கள் பலி' என்று மாற்றினேன். பத்து நிமிடத்தில் அது பழையபடி ஆகியிருந்தது. அவுட்புட் பொறுப்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார். "நீ இதுல இன்வால்வ் ஆகுறம்மா. உங்க ஏரியா விஷயம் வேற. இதை நீ தொடாத, வேற ஸ்டோரி எடு."

காலையில் என்னை அங்கே அனுப்பியதற்கு எது காரணமோ, அதுவே மாலையில் என்னை விலக்கி வைப்பதற்கும் காரணமாகிவிட்டது. ஒரே நாள், ஒரே அலுவலகம், கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகள். அவரிடம் நியாயமான ஒரு காரணம் இல்லாமல் இல்லை. 'எஃப்.ஐ.ஆர். வரட்டும், யார் இறக்கினார்கள் என்பது பதிவாகட்டும்' என்று சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. தலைப்பில் குறை காணாமல் என்னிடம் குறை கண்டார்.

'விஷவாயு தாக்கி' என்ற சொற்கட்டைத் தமிழ்ச் செய்தி எவ்வளவு காலமாகப் பழக்கத்தில் வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மின்னல் தாக்கி, மின்சாரம் தாக்கி, விஷவாயு தாக்கி. இயற்கைச் சீற்றத்தின் வரிசையில் ஒரு தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டவர் காணாமல் போய்விடுகிறார். பாதுகாப்பில்லாமல் ஓர் ஆளைச் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ இறக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 2013-இல் வந்தது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. சட்டம் ஆளைத் தேடுகிறது, தலைப்பு வாயுவைக் காட்டுகிறது. இதைச் சுட்டிக்காட்ட அந்தத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்திருக்க வேண்டியதில்லை. வினைச்சொல்லைக் கவனித்தாலே போதும். ஆனால் பக்கத்துத் தெருக்காரி சுட்டிக்காட்டும்போது அது இலக்கணம் ஆவதில்லை, 'இன்வால்வ்மென்ட்' ஆகிவிடுகிறது.

இந்தியப் பத்திரிகை உலகில் தலித்துகள் எங்கே என்ற கேள்வியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1996-க்குப் போவார்கள். அந்த வருடம் நவம்பரில் பி. என். உனியால் 'தி பயனியர்' இதழில் எழுதிய கட்டுரை அது. டெல்லியில் இருந்த ஒரு வெளிநாட்டு நிருபர் தனக்கு ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்து வேண்டும் என்று கேட்க, உனியால் தேடுகிறார், கிடைக்கவில்லை. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர் பட்டியலில் 686 பேர். அதில் 454 பேருக்குப் பெயரோடு சாதியும் ஒட்டியிருந்தது. மிச்சமிருந்த 232 பேரில் 47 பேரைத் தொடர்புகொண்டு கேட்டார். ஒருவர்கூட தலித் இல்லை.

கேட்ட நிருபரைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசுவதில்லை. 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் கென்னத் கூப்பர் ஒரு கறுப்பின அமெரிக்கர். நம் செய்தி அறைகளில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தோன்றாத கேள்வி, தன் நாட்டுச் செய்தி அறையில் தன்னைப் போன்றவர்களை எண்ணிப் பார்த்துப் பழகிய ஒருவருக்குத் தோன்றியது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானும் எந்த மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் முதலில் எண்ணத்தான் செய்வேன்.

உனியாலின் வழிமுறை தமிழ்நாட்டில் செல்லாது. இங்கே பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை, முன்னால் ஓர் எழுத்துதான். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதன் பலனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். அது சின்ன விஷயம் இல்லை. பட்டியலைப் பார்த்து என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வேறு வழியில் கண்டுபிடிக்கிறார்கள். எங்கேயிருந்து வரீங்க? ஆவடியா, ஆவடியில எங்க? எஸ்டேட் குவார்ட்டர்ஸா, ஹவுசிங் போர்டா, காலனியா? அப்பா என்ன பண்றார்? டேங்க் ஃபேக்டரியா, அங்க என்னவா? என் அப்பா டேங்க் ஃபேக்டரியில் ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை பார்த்தார். 'டேங்க் ஃபேக்டரிதான் சார்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ள நான் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டேன். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, அதைப் பிரேக்கிங்காகப் போட்ட செய்தி அறைகளில் எத்தனையில் அந்தச் சொல் இன்னும் கேள்வியாகப் புழங்குகிறதோ. எனக்குத் தெரிந்த ஒன்றில் புழங்கியது.

ஆக, 'ஏரியா' என்பது எங்கள் பக்கத்தில் சாதிக்கு இன்னொரு பெயர். கேட்பவருக்கும் கூச்சமில்லை, சொல்பவருக்கும் தப்பிக்க வழியில்லை.

கூப்பர் வேலை பார்த்த அதே பத்திரிகையில் அவருக்கு முன்பு வேலை செய்த இரண்டு பெண்கள் தங்கள் அலுவலக வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். டோரதி பட்லர் கில்லியம் 1961-இல் சேர்ந்தவர். 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் முதல் கறுப்பினப் பெண் நிருபர். அவருடைய 'ட்ரெயில்பிளேசர்' 2019-இல் வந்தது. ஜில் நெல்சன் 1986-இல் அதன் ஞாயிறு இதழில் சேர்ந்து 1990-இல் வெளியேறினார். 'வாலன்டரி ஸ்லேவரி' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய பொருளில் 'வாலன்டியர் ஸ்லேவரி' என்று தலைப்பிட்டு 1993-இல் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். தரமாகப் பார்த்தால் நெல்சனுடையதுதான் புத்தகம். கில்லியமுடையது ஒரு நீண்ட, பணிவான சாட்சியம். ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது கில்லியம்.

செய்தி எடுக்கப் போக வேண்டும். வாஷிங்டனில் டாக்ஸி நிற்காது. செய்தியை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்போதும் டாக்ஸி நிற்காது. அலுவலகத்துக்குள் பேசும் வெள்ளைக்காரச் சகாக்கள் தெருவில் பார்த்தால் தெரியாதவர்களைப் போலப் போவார்கள். 1962-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் சேர்ந்ததை ஒட்டி நடந்த கலவரத்தைப் பற்றி எழுதப் போனவருக்கு அந்த ஊர் ஹோட்டல்களில் இடமில்லை. கறுப்பினத்தவர் நடத்திய ஒரு சவ அடக்க நிலையத்தில் தூங்கினார். இதையெல்லாம் அவர் கசப்பில்லாமல், கணக்கெழுதுவதைப் போல எழுதிக்கொண்டு போகிறார். சில இடங்களில் அந்த நிதானம் எனக்கு எரிச்சலூட்டியது. ஆனால் ஒரு வேலையைச் செய்ய ஒருத்திக்கு மட்டும் எவ்வளவு நேரம் கூடுதலாகச் செலவானது என்பதை அந்த நிதானம்தான் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, ஆபீஸ் கேப் திருமங்கலத்தோடு நின்றுவிடும் என்று டிரைவர் சொல்லும்போது, மிச்சத் தூரத்தை எப்படிக் கடப்பது என்று யோசித்த எந்தப் பெண்ணுக்கும் அந்த டாக்ஸி புரியும்.

கில்லியம் சொல்லும் இன்னொன்றும் உண்டு. ஏழைக் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டால் அது செய்தியாகாது; மலிவான சாவு என்று பொருள்படும் ஒரு பெயரே அந்தச் செய்தி அறையில் அதற்கு இருந்தது. நம் செய்தி அறைகள் இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைப்பதில்லை. ஸ்க்ரோலில் ஓட விட்டுவிடும்.

நெல்சன் வேறு ரகம். பல் மருத்துவரின் மகள், வசதியான வீடு, கோடைக்குத் தீவு வீட்டுக்குப் போகும் குடும்பம். அதை அவர் மறைப்பதும் இல்லை, அதற்காக வெட்கப்படுவதும் இல்லை; சம்பளத்துக்காகத்தான் போனேன் என்று ஒப்புக்கொள்கிறார். அவர் சேர்ந்த புதிய ஞாயிறு இதழின் முதல் இதழே 1986 செப்டம்பரில் கறுப்பின மக்களைக் கொதிக்க வைத்தது. அட்டையில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பின ராப் பாடகர். உள்ளே, கறுப்பின இளைஞர்களை உள்ளே விடாத நகைக்கடைக்காரர்களைப் புரிந்துகொள்ளச் சொல்லும் ஒரு பத்தி. வாரா வாரம் மக்கள் அந்த இதழின் பிரதிகளைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் கொட்டினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த நெல்சனுக்கு வெளியே நிற்பவர்களின் கோபம் நியாயம் என்று தெரியும். உள்ளே இருப்பவர்களோ வெளியே நிற்பவர்களை அவர் தங்களுக்குப் புரியவைக்க வேண்டும், அமைதிப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த இதழை முடிவு செய்தபோது அவரை யாரும் கேட்கவில்லை.

வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் இதில் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவரால் வெளியேறி எழுத முடிந்தது. நான் வெளியேறிய மாதம் வாடகைக்குக் கடன் வாங்கினேன். ஆனால் எங்களிடம் அலுவலகம் வாங்கிக்கொண்டது ஒன்றே: தன்னால் போக முடியாத இடத்துக்கு ஒரு வழி. வழிக்கு மட்டும்தான் சம்பளம். தீர்ப்பு சொல்லும் இடத்தில் அதே பிறப்பு, பட்சபாதம் ஆகிவிடும்.

2020-இல் பிட்ஸ்பர்க்கில் இது ஒளிவு மறைவில்லாமல் நடந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டிய போராட்டங்களின்போது, 'போஸ்ட்-கசெட்' நிருபர் அலெக்சிஸ் ஜான்சன் ஒரு ட்வீட் போட்டார்: ஓர் இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் விட்டுப்போன குப்பைக்கூளத்தின் படங்களைப் போட்டு, இதைச் செய்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லையே என்று கிண்டல். அது பட்சபாதம் என்று சொல்லி, போராட்டச் செய்திகளை அவர் எடுக்கக் கூடாது என்றது நிர்வாகம். அவருக்கு ஆதரவாக நின்ற கறுப்பினப் புகைப்படக்காரரும் விலக்கப்பட்டார். கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பார்க்கத் தகுதியற்றவர்கள் பட்டியலில் முதலில் சேர்ந்தவர்கள் அந்தச் செய்தி அறையின் கறுப்பினத்தவர்கள். வெள்ளைக்காரர்களுக்கு 'ஏரியா' கிடையாது. அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதைப் பற்றியும் முடிவு சொல்லலாம்.

நம்மிடம் இப்படிப்பட்ட புத்தகங்கள் குறைவு, எண்ணிக்கைகள் இருக்கின்றன. 2006-இல் அனில் சமாரியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆராய்ந்தார்கள். தலித், பழங்குடி: பூஜ்யம். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தன. 106 பேர் உயர்சாதியினர். தலித், பழங்குடி பூஜ்யம். 2022-இல் மறுபடியும் பார்த்தார்கள், மறுபடியும் அதேதான். இந்த அறிக்கைகளுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன், பல மேடைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சங்கடம். அந்தப் பூஜ்யம் மேலே எடுத்த கணக்கு. எங்கள் ஏழு மணி புல்லட்டினில் பின்குரல் வெட்டியவர், பிளேட் அடித்தவர், கேமராவின் ஸ்டாண்டைத் தூக்கியவர், பூந்தமல்லியிலிருந்து ஒரு செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியிருந்த பகுதிநேர நிருபர், இவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் எங்கே? தலித்துகள் ஊடகத்தில் இல்லை என்று வாசித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடலாம். இருக்கிறார்கள், இருக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்பது தூங்க விடாத கேள்வி. 2017-இல் சுதிப்தோ மண்டல் எழுதினார்: பத்து வருடத்தில் ஆங்கில ஊடகங்களில் எட்டு தலித் பத்திரிகையாளர்களைப் பார்த்திருக்கிறார், அதில் இரண்டு பேர்தான் தம் சாதியை வெளியே சொல்லத் துணிந்தவர்கள். மற்ற ஆறு பேர் எந்தப் பட்டியலில் வருவார்கள்?

1955-இல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தது. பத்திரிகையாளர் யார் என்பதற்கு அது கொடுத்த பட்டியலில் ஆசிரியர் தொடங்கி பிழை திருத்துபவர் வரை இருந்தார்கள். பிழை திருத்துபவரும் பத்திரிகையாளர் என்று சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. பிழையைத் திருத்தியதற்காகத்தான் என்னை வேறு ஸ்டோரி எடுக்கச் சொன்னார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டிய படப்பிடிப்புத் தளங்களிலும் இதே கதையின் இன்னொரு வடிவம் உண்டு. இந்தியத் திரைத்துறையில் பல பத்தாண்டுகள் பெண்கள் தலை அலங்காரம் மட்டும் செய்யலாம். முகத்துக்கு மேக்கப் போடுவது ஆண்களின் வேலை. சங்க விதியே அப்படி இருந்தது. சாரு குரானா வழக்கில் 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தலைமுடியைத் தொடலாம், முகத்தைத் தொடக் கூடாது. செய்தியிலும் அப்படித்தான்: பைட் எடுக்கலாம், தலைப்பைத் தொடக் கூடாது.

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா' இதற்கு எதிரான உதாரணம். தலித் பெண்களும் மற்ற பெண்களும் சேர்ந்து செய்தி எடுத்து, தாங்களே திருத்தி, தாங்களே அச்சுக்கு அனுப்பிய பத்திரிகை. இப்போது டிஜிட்டலில் இயங்குகிறது. அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2021-இல் சன்டான்ஸ் விழாவில் விருதுகள் வாங்கி, மறு வருடம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நானும் அழுதுகொண்டே பார்த்தேன், மொபைலை கையில் பிடித்துக்கொண்டு சுரங்க மாஃபியா ஆட்களுக்கு நடுவே அந்தப் பெண் நிற்கும் இடத்தில். ஆஸ்கருக்குச் சில நாட்கள் முன்பு கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் நெகிழ்ச்சியானதுதான், ஆனால் நாங்கள் ஒரே ஒரு கட்சியைத் துரத்தித் துரத்திச் செய்தி போடுபவர்கள் என்பதுபோல் காட்டுகிறது, எங்கள் வேலையின் முழுமை அதில் இல்லை என்றார்கள். கொண்டாட்ட மனநிலையில் இருந்த பலருக்கு, எனக்கும்தான், அது முதலில் நன்றிகெட்டதனமாகப் பட்டது. பிறகு யோசித்தேன். தங்கள் கதைக்கு வைக்கப்பட்ட தலைப்பைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். உலகமே கைதட்டிக்கொண்டிருக்கும்போது திருத்தினார்கள் என்பதுதான் சங்கடமாக இருந்தது. மேடையேற்றியவர்களுக்கு நல்ல நோக்கம் இருந்தால், மேடையில் நிற்பவர் திருத்தக் கூடாதா?

தமிழில் ஜெயராணி 'ஜாதியற்றவளின் குரல்' தொகுப்பில் பத்திரிகையாளராக இருந்துகொண்டே சாதியைப் பற்றித் தீர்ப்பும் சொன்னார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தன் இதழுக்குப் பெயர் வைத்ததும், 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும் அடுத்தவர் டெஸ்க்கில் இடம் கிடைக்காததால் மட்டும் இல்லை. தலைப்பைத் தாங்களே வைக்க வேண்டும் என்பதற்காகவும்தான். மீனா கோட்வால் 2021-இல் அம்பேத்கரின் இதழ்ப் பெயரிலேயே 'தி மூக்நாயக்' தொடங்கியதும் அந்த வரிசையில் வருகிறது. ஆனால் எல்லோராலும் பத்திரிகை தொடங்க முடியாது. இ.எம்.ஐ. கட்டும் பெண்களைத் 'தனியாக ஆரம்பிக்கலாமே' என்று சொல்லி வாசலைக் காட்டுவதும் ஒரு தந்திரம்தான். வேலைக்குப் போன இடத்திலேயே வினைச்சொல்லைத் திருத்தும் உரிமை வேண்டும்.

அன்று இரவு ஒன்பதரைக்கு அந்தப் பெண் போன் செய்தாள். காலையில் என் நம்பரை நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, நான் அவ்ளோ சொன்னேனே. கூப்பிட்டவரு பேரு வேணாம், அவரு பேராவது போட்டிருக்கலாம்ல. ரெண்டு பேருன்னு போட்டுருக்கு."

பி.சி.ஆர்.-இல் பத்து மணி புல்லட்டினுக்கு எண்ண ஆரம்பித்திருந்தார்கள். நான் வேறு ஸ்டோரியில் இருந்தேன், ஆடித் தள்ளுபடி.

"ஸ்க்ரோல்ல இடம் பத்தாதும்மா" என்று சொன்னேன்.

"ஓ, அப்படியாக்கா" என்றாள்.